சர்க்கரை கடைசியில்தான்

"அந்தக் கரண்டியை மட்டும் வீட்டுலயே வச்சிட்டு வாம்மா," என்றான் ரோமெல்.

பானிங் காது கேட்காதவள்போலப் பையின் வாயை இழுத்துக் கட்டினாள். கரண்டியின் காம்பு ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பலாமரத்தில் செய்தது. இருபத்தைந்து வருடம் சாம்போராடோ என்கிற சாக்லேட் கஞ்சியைக் கிண்டிக் கிண்டி, அடுப்புக்கரியின் நிறத்துக்கு வந்திருந்தது. பைக்குள் முக்கால் கிலோ ஒட்டரிசி, அவளே வறுத்து அரைத்துத் தட்டிய கொக்கோ வில்லைகள், ஒரு பொட்டலம் பழுப்புச் சர்க்கரை, மூன்று டின் பால், செய்தித்தாளில் சுற்றிய கருவாடு.

"பன்னி வறுவல் சொல்லியிருக்கேன். நூடுல்ஸ் சொல்லியிருக்கேன். கேக் சொல்லியிருக்கேன். பொண்ணு கேக்கப் போற எடத்துக்கு யாராவது காலை டிபனைத் தூக்கிட்டுப் போவாங்களா?"

"மழை பெய்யுது. மழைக்கு அதைத்தான் தின்பாங்க."

"அம்மா..."

"நான் கேட்டரிங் நடத்துறவடா. எங்க எதைப் பரிமாறணும்னு எனக்குத் தெரியாதா?"

 கேட்டரிங் என்பது ரோமெல் போட்ட முடிச்சு. மணிலாவில் தன் அலுவலகத்திலேயே கணக்கு வேலை பார்க்கும், இப்போது பெண் கேட்கப் போகிற மாரிகாரிடம் மூன்று வருடத்துக்கு முன் அப்படிச் சொல்லி வைத்தான். அவள் தன் அம்மாவிடம் சொன்னாள். அம்மா சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னாள். இப்போது சான் பாப்லோவில் ஒரு மாடிவீட்டைப் பொறுத்தவரை பானிங் என்பவள் ஐம்பது பேரை வைத்து வேலை வாங்கும் கேட்டரிங் முதலாளி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்கள் உண்டு. இவன் பெற்றவளையே மறைத்துவிட்டான்.

மறைத்ததைக்கூடப் பானிங் பொறுத்துக்கொண்டிருப்பாள். யாருக்குப் பயந்து மறைத்தான் என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. மாரிகாரின் அம்மா கிளிசேரியா மக்ஸினோ, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பதினேழு வருடத்துக்கு முன் பானிங்கின் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தவள்.

அப்போது பள்ளிக்கூட வாசலில் பானிங்கின் தள்ளுவண்டி நின்றது. பிள்ளைகள் கொடியேற்றத்துக்கு முன் ஒரு கிண்ணம் சாம்போராடோவை வாயைச் சுட்டுக்கொண்டு விழுங்கிவிட்டு உள்ளே ஓடுவார்கள். புதுத் தலைமையாசிரியை வந்த மூன்றாம் நாள் நல்ல மழை. குடையோடு வாசலுக்கு வந்தாள், பானையை எட்டிப் பார்த்தாள். "என்ன இது? பன்னிக்கு வைக்கிற கழுநீரா?" என்றாள். காவலாளியைக் கூப்பிட்டுப் பானையைச் சாக்கடையில் கவிழ்க்கச் சொன்னாள். நாற்பது கிண்ணத்துச் சாம்போராடோ. பிள்ளைகள் சிரித்தார்கள். கொடிமரத்துக்கு முன் வரிசையில் நின்ற ரோமெலுக்கு அப்போது பதினோரு வயது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு கொடியைப் பார்த்துக்கொண்டு விறைப்பாக நின்றான். கொடி இன்னும் ஏறவே இல்லை. வெறும் கம்பத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றிலிருந்து பானிங் ஊருக்கு ஊர் ஆளேற்றும் ஜீப்னி வண்டிகள் நிற்கும் நிலையத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் விற்றாள். விடியுமுன் அவள் அரிசியும் மளிகையும் வாங்க ஓட, பானையைக் கிண்டியவன் ரோமெல்தான். கிண்டிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவுவான், பள்ளிக்கூடத்தில் வாசனை தெரியக் கூடாது என்று. தலைமையாசிரியையை அவள் சபிக்காத நாள் இல்லை. மகனைத்தான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலே பொறியாளராக்கிவிட்டாள். இப்போது அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வீட்டில், அந்தப் பொம்பளைக்கு முன்னால், இவள் சாம்போராடோ விற்றவள், இவள்தான் என் அம்மா என்று அவன் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அவனுக்குக் கல்யாணம் நடக்கட்டும், பிள்ளைகள் பிறக்கட்டும், அவள் அந்த வீட்டு வாசலை மிதிக்கப் போவதில்லை. சொல்லவைப்பதற்காகத்தான் கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

ஜீப்னியில் பானிங்கின் அண்ணன் அம்போ நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் சுவராக இருந்தார். பெண் கேட்கும் பேச்சைப் பேசப்போகிறவர் அவர்தான். அதற்காக இரண்டு நாளாகக் குடிக்காமல் இருந்ததில் முகம் கோணிப்போயிருந்தது.

"முறை என்னன்னு ஞாபகம் இருக்கட்டும்," என்றார். "மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாட்டை அவங்க சாப்பிட்டா, பொண்ணு நமக்கு. கிண்ணத்தைத் தள்ளி வச்சா, கல்யாணத்தையே தள்ளி வச்சதா அர்த்தம். அதனால பானிங், சண்டை கிண்டை வேண்டாம் தாயே."

"நான் எதுக்குச் சண்டை போடுறேன்? சமைக்கத்தானே போறேன்."

"நீ சமைக்கிறதே சண்டை போடுற மாதிரிதானே இருக்கும்."

ரோமெல் சிரிக்கவில்லை. மழைச்சாரலைத் தடுக்கப் பக்கத்தில் இறக்கிவிட்டிருந்த பிளாஸ்டிக் திரையைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மாடிவீட்டின் வாசலில் கிளிசேரியாவே நின்றாள். அறுபத்தெட்டு வயது. முதுகு இன்னும் அடிக்கோல்தான். ரோமெல் குனிந்து, பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதையாக அவள் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டான். அவள் பானிங்கின் செருப்பைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், கடைசியாக முகத்தைப் பார்த்தாள். பானிங் முகத்தைத் திருப்பாமல் காட்டிக்கொண்டு நின்றாள்.

"வாங்க வாங்க. இவ்வளவு பெரிய பிசினஸ் நடத்துறவங்கன்னு பாத்தா தெரியவே இல்லையே! எத்தனை பேர் வேலை செய்றாங்க உங்ககிட்ட?"

"ஒரே ஆளுதான் மேடம். சம்பளமே கேக்காத ஆளு."

ரோமெலுக்கு இருமல் வந்தது. கிளிசேரியா அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு பல் தெரியாமல் சிரித்தாள். அவளுக்கு ஞாபகம் இல்லை. துளியும் இல்லை. பதினேழு வருடமாகப் பானிங் ஒவ்வொரு மழைக்கும் இந்த முகத்தை நினைத்துப் பல்லைக் கடித்திருக்கிறாள். இவளோ அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறந்திருக்கிறாள். கவிழ்த்ததைவிட இது அதிகமாக எரிந்தது.

அம்போ தொண்டையைச் செருமினார். பன்றி வறுவலும் நூடுல்ஸும் கேக்கும் மேசைக்குப் போயின. பானிங் பையைத் தூக்கிக்கொண்டு, "அடுப்பு எங்க இருக்கு?" என்றாள்.

"அடுப்பா? எதுக்கு?"

"சாம்போராடோ போடணும்."

கிளிசேரியாவின் புருவம் இரண்டும் மேலே போயின. "பொண்ணு கேக்க வந்த எடத்துலயா? அதை எங்க வீட்டு வேலைக்காரப் பொண்ணு மழைநாள்ல தனக்குன்னு போட்டுக்குவா."

"மாப்பிள்ளையோட அம்மா கையால ஒண்ணு சமைச்சுப் பரிமாறணும்ங்கிறது பெரியவங்க வச்ச முறை, டீச்சர்," என்று அம்போ இடையில் புகுந்தார். "ஆக்கிக் கொண்டாந்தா வழியிலயே ஆறி இறுகிடும். அதான்."

நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு நன்னடத்தை சொல்லிக்கொடுத்தவள் முறை என்ற சொல்லுக்கு எதிராக என்ன பேசுவாள்? வழியை விட்டாள். ஆனால் கூடவே வந்தாள்.

சமையலறை பளபளவென்று இருந்தது. வேலைக்காரப் பெண் ஞாயிற்றுக்கிழமை லீவு. மாரிகார் மட்டும் ஓடிவந்து, "அத்தை, நான் என்ன செய்யணும்?" என்று பக்கத்தில் நின்றாள். அத்தை என்ற சொல் காதில் விழுந்ததும் கிளிசேரியா, "இன்னும் பேச்சே ஆரம்பிக்கலை," என்றாள். நல்ல பெண்தான் மாரிகார். அவளைப் பிடிக்காமல் போயிருந்தால் பானிங்குக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பானிங் அரிசியை ஒரு தடவை அலசித் தண்ணீரை வடித்தாள்.

"மூணு தடவை கழுவணும்," என்றாள் கிளிசேரியா. பரீட்சை அறையில் நிற்கிறவள்போல இரண்டு கையையும் மார்பில் கட்டியிருந்தாள்.

"மூணு தடவை கழுவுனா பசை போயிடும் மேடம். அப்புறம் சாக்லேட் ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம் நிக்கும்."

"சுத்தம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு. சாக்கடையில கொட்டுற சாமானுக்கு அது தேவையில்ல. வாயில போடுறதுக்குத் தேவைதான்."

கிளிசேரியாவுக்கு அந்தக் குத்து எங்கே போகிறது என்று புரியவில்லை. "எங்க வீட்டுல டின்ல வர்ற கொக்கோ பவுடர்தான் போடுவாங்க. இந்த வில்லையெல்லாம் எந்தத் தரையில காய வச்சதோ," என்றாள்.

"எங்க வீட்டுத் தரையிலதான். நான் படுத்துத் தூங்குற தரை."

மாரிகார் குனிந்து சிரிப்பை அடக்கினாள். பானிங் வில்லைகளை வெந்நீரில் கரைத்து, கொதிக்கும் அரிசியில் ஊற்றினாள். வாசனை ஆவியோடு கிளம்பிக் கூடம்வரை போனது. அங்கே அம்போவின் குரல் ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது. பானிங் கரண்டியைப் பாத்திரத்தின் அடிவரை விட்டுக் கிண்டினாள். பார், இந்தக் கரண்டியைப் பார், இந்த வாசனையை மூக்கில் இழு, என்று மனதுக்குள் திட்டித் திட்டிக் கிண்டினாள். கிளிசேரியா ஜன்னல் கண்ணாடியில் ஏதோ கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செய்தித்தாளைப் பிரித்ததும்தான் அவளுக்கு உயிர் வந்தது.

"கருவாடா! என் சமையலறையிலயா? திரைச்சீலையெல்லாம் ஒரு மாசம் நாறும். பின்னாடி கொட்டகையில அடுப்பு இருக்கு. அங்க போய்ப் பொரிங்க."

"கருவாடு இல்லாம சாம்போராடோ தின்னா அது சாமியாருக்குப் போட்ட சாப்பாடு மாதிரி இருக்கும் மேடம்."

"பின்னாடி!"

பானிங் கரண்டியை மாரிகாரின் கையில் கொடுத்தாள். "நிறுத்தாம கிண்டு. அடி பிடிச்சா அவ்வளவுதான்."

"சர்க்கரை, அத்தை?"

"அப்புறம்."

கொட்டகையில் மழை தகரத்தைப் பிளந்துகொண்டிருந்தது. எண்ணெயில் கருவாட்டைப் போட்டதும் புகை எழுந்தது. காற்று அதை வாரிக்கொண்டு நேராக வீட்டுக்குள் நுழைந்தது. பானிங்குக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது. வேண்டுமென்றே இன்னும் நான்கு மீனைப் போட்டாள்.

குடை ஒன்று கொட்டகைக்குள் வந்தது. கீழே ஒடிசலான கிழவர். மாரிகாரின் அப்பா ஃபெலினோ.

"ஒண்ணே ஒண்ணு குடும்மா. உப்பு கூடாதுன்னு டாக்டர் சொன்னான். டாக்டர் சொன்னதைவிட இவ ஜாஸ்தி சொல்றா."

பானிங் இரண்டு கொடுத்தாள். அவர் தலையோடு கடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"உள்ள உங்களைப் பாடாப் படுத்துறாளா?"

"அப்படியெல்லாம் இல்லைங்க. சொல்லிக்கொடுக்கிறாங்க."

"அவளா!" ஃபெலினோ சிரித்ததில் புரையேறியது. "கல்யாணமாகி நாப்பது வருஷத்துல அவ முட்டை வேகவச்சு நான் பாத்ததில்ல. இன்னிக்கு அடுப்படிக்கு வந்திருக்கான்னா வேவு பாக்க வந்திருக்கா."

பானிங் தட்டோடு உள்ளே வந்தபோது கிளிசேரியாவும் மாரிகாரும் அடுப்பின் இரண்டு பக்கமும் நின்றார்கள். சாம்போராடோவின் நிறம் மாறியிருந்தது. கறுத்து மினுமினுத்தது, ஆனால் நீர்த்துக் கிடந்தது. பானிங்கின் கண் மேடைக்குப் போனது. சர்க்கரைப் பொட்டலம் காலியாக, நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

ஒரு பருக்கையை எடுத்து முன்பல்லில் கடித்தாள். மேலே மெத்தென்று, நடுவில் கல். அரிசி மலர்ந்து குழைந்த பிறகுதான் சர்க்கரை. முன்னால் போட்டால் அரிசி அதோடு பிடிவாதம் பிடித்துக்கொண்டு நின்றுவிடும், விறகைக் கட்டுக்கட்டாக எரித்தாலும் நடுக்கல் லேசில் கரையாது. இது அவள் வண்டி தள்ளிய முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்ட பாடம்.

அவள் தலைமையாசிரியையைப் பார்த்தாள். தலைமையாசிரியை கண்ணை இமைக்காமல் திருப்பிப் பார்த்தாள். வேண்டுமென்றே செய்திருக்கிறாள், பாவி. அன்று சாக்கடையில் கொட்டினாள். இன்று பாத்திரத்துக்குள்ளேயே கெடுத்துவிட்டாள். பானிங்கின் கை கரண்டிக் காம்பை இறுக்கியது. அந்த இடத்திலேயே மண்டையில் ஒன்று போட்டிருப்பாள், ஆனால் கூடத்தில் ஃபெலினோவிடம் அம்போ இரண்டு நாள் குடிக்காத நாக்கால் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெந்நீர் ஊற்றி இன்னும் கிண்டினாள். "அரை மணி நேரம் ஆகும்," என்றாள்.

"மணி பன்னிரண்டு. பேச்சு முடியப் போகுது. எல்லாரும் பசியோட உக்காந்திருக்காங்க," என்றாள் கிளிசேரியா. "ஆனதைக் கொண்டாங்க. இல்லன்னா பரவாயில்ல, கொட்டிடலாம்."

கொட்டிடலாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் பானிங் பாத்திரத்தை இறக்கினாள். கல்லாகவே இருக்கட்டும். இவள் சொல்லிக் கொட்டமாட்டேன்.

கிண்ணங்களில் ஊற்றி, மேலே பாலை வளையமாக விட்டு, ஓரத்தில் கருவாட்டை வைத்துப் பரிமாறினாள். ஃபெலினோவின் கிண்ணத்தில் யாருக்கும் தெரியாமல் மூன்றாவது மீனும் போனது. ரோமெல் தன் கிண்ணத்தைப் பார்த்தான், கரண்டியால் ஒரு தடவை கலக்கினான், ஒரு வாய் சாப்பிட்டான். மென்றதும் அவன் தாடை நின்றது. தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் மறுபடி மென்றான்.

கறுமுறு என்ற சத்தம் மேசையைச் சுற்றி வந்தது. அம்போ விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

கிளிசேரியா ஸ்பூனை மெதுவாகக் கீழே வைத்தாள். உதட்டைத் துணியால் ஒற்றிக்கொண்டாள்.

"அரிசி வேகலை," என்றாள். "சும்மா சொல்லக் கூடாது, இதைச் சாப்பிடவும் எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வருது. மலைப்பக்கம் ஒரு ஸ்கூல்ல இருந்தேன், ரொம்ப வருஷம் முன்னாடி. வாசல்லயே ஒரு பொம்பளை வண்டி போட்டு இதே சாமானை வித்துக்கிட்டிருப்பா. பாத்தாலே குமட்டும். நான் போய் மூணாவது நாளே மொத்தத்தையும் சாக்கடையில கவிழ்க்கச் சொன்னேன். அந்தப் பொம்பளை வாயைத் திறக்கணுமே! மரம் மாதிரி நின்னா. பிள்ளைங்களுக்கு ஒரே சிரிப்பு." சொல்லிவிட்டுச் சம்பந்தம் பேச வந்தவர்களைப் பார்த்து அவளும் சிரித்தாள். "நீங்க கேட்டரிங்ல இருக்கிறவங்க, உங்களுக்குப் புரியும். இந்த மாதிரி ஆளுங்களாலதான் தொழிலுக்கே கெட்ட பேரு."

அம்போ கிண்ணத்துக்குள் பார்வையை இறக்கினார். பானிங் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. அவள் கிளிசேரியாவைப் பார்க்கவே இல்லை. மகனைப் பார்த்தாள்.

ரோமெல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரில் இருந்தது ஒரு காலண்டர். அதில் பார்க்க ஒன்றுமில்லை. அதே பார்வை, அதே விறைப்பு.  அவ்வளவுதான், என்று பானிங் நினைத்தாள். கரண்டியைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு மழையிலேயே நடக்கலாம். கையைத் துடைத்துக்கொள்ளத் துணியைத் தேடினாள்.

"அந்தப் பொம்பளை எங்கம்மா," என்றான் ரோமெல்.

கிளிசேரியா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னே?"

"நீங்க சாக்கடையில கொட்டச் சொன்னது எங்கம்மாவோட பானையை, டீச்சர். நான் அங்கதான் இருந்தேன். அஞ்சாவது படிச்சேன். சிரிச்ச பிள்ளைங்க பக்கத்துல நின்னேன்." சுவரிலிருந்து கண்ணை எடுத்துக் கிளிசேரியாவைப் பார்த்தான்.  "கேட்டரிங் எல்லாம் ஒண்ணும் கிடையாது. அது நான் சொன்ன பொய். அவங்க தள்ளுவண்டியில இதை வித்துத்தான் என்னைப் படிக்க வச்சாங்க. விடியுறதுக்கு முன்னாடி எழுந்து இந்தக் கரண்டியால கிண்டுனது நான். அதனால எனக்குத் தெரியும். எங்கம்மா அரிசி ஒரு நாளும் வேகாம போனதில்ல. யாரோ சர்க்கரையை முன்னாடியே போட்டிருக்காங்க. சர்க்கரை கடைசியிலதான் போடணும்."

கிளிசேரியா பானிங்கின் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை செருப்பைப் பார்க்கவில்லை.

"நீயா?"

"நான்தான்," என்றாள் பானிங். "மரம்தான். வந்திருக்கேன்."

"அது... அது சுகாதாரத்துக்காகச் செஞ்சது. விதி இருக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இன்னிக்கு அரிசி வேகலைன்னா அது சமைக்கத் தெரியாதவங்க தப்பு."

"நான்தாம்மா சர்க்கரையைப் போட்டேன்," என்றாள் மாரிகார்.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் முகம் காதுவரை சிவந்திருந்தது. "அத்தை அப்புறம்னாங்க. நீங்கதான் சொன்னீங்க, 'அப்புறம்னா எப்ப? எங்க வீட்டுல முதல்லயே போடுவோம், போடு'ன்னு. பக்கத்துல நின்னு முழுப் பொட்டலத்தையும் போட வச்சீங்க."

"ஆமா, சொன்னேன்! முதல்லதான் போடணும். அப்பதான் இனிப்பு உள்ள இறங்கும். இது சாதாரண அறிவு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பானிங்குக்கு அப்போதுதான் விளங்கியது. இது சூதுகூட இல்லை. இந்தப் பொம்பளைக்கு நிஜமாகவே தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. கழுநீர் என்று சொன்ன அன்றும் இவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. கொட்டச் சொல்ல மட்டும்தான் தெரியும்.

"கிளிசேரியா," என்றார் ஃபெலினோ, வாயில் கருவாட்டு வாலோடு. "நம்ம வீட்டுல முதல்லயே போடுவோம்னு சொன்னியாமே, யாரு போட்டா? நீ என்னிக்கு அடுப்பு பத்த வச்சே?"

அம்போவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்து மூக்கில் பால் ஏறியது. மாரிகார் சிரிக்கவில்லை. ரோமெலைப் பார்த்து, "மூணு வருஷமா என்கிட்ட பொய் சொல்லியிருக்கே. உன்கிட்ட அப்புறம் தனியா பேசிக்கறேன்," என்றாள். ஒரு வாய் எடுத்துக் கறுமுறுவென்று மென்று விழுங்கினாள். "அத்தைகிட்ட எனக்கு ஒண்ணுமில்ல."

கிளிசேரியா கிண்ணத்தின் விளிம்பில் விரலை வைத்தாள். தள்ளப் போகிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கிண்ணம் அரை அங்குலம் நகர்ந்தது. மாரிகார் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தள்ளுங்கம்மா," என்றாள் தணிந்த குரலில். "தள்ளிட்டா நான் இன்னிக்கே அவங்களோட ஜீப்னியில ஏறிடுவேன்."

விரல் நின்றது.

மன்னிப்பு வரும் என்று பானிங் எதிர்பார்க்கவில்லை. வந்திருந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் அவளுக்குத் தெரிந்திருக்காது. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கேட்க வந்ததை மகன் சொல்லிவிட்டான். மேசையின் அந்தக் கோடியில் அவன் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல் அரிசியைப் பிடிவாதமாக மென்றுகொண்டிருந்தான். ஆனால் இந்தப் பொம்பளையை அவளுக்கு இப்போதும் பிடிக்கவில்லை. இனியும் பிடிக்கப் போவதில்லை. சாகும்வரை கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரே மேசையில் உட்கார்ந்து தொலைக்க வேண்டும்.

கிளிசேரியா ஸ்பூனை எடுத்தாள். ஒரு வாய். இரண்டு வாய். முதுகு வளையாமல், யாரையும் பார்க்காமல், பள்ளிக்கூடம் முழுவதும் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோலச் சாப்பிட்டாள். ஒவ்வொரு பருக்கையும் அவள் பல்லுக்கிடையில் நொறுங்குவது கூடம் முழுக்கக் கேட்டது. கிண்ணம் காலியானதும் நிமிர்ந்தாள்.

பானிங் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தாள். கறுத்த கரண்டியால் அடிவரை துழாவி, நிறைய மொண்டு, காலிக் கிண்ணத்தில் விளிம்பு தட்ட ஊற்றினாள். பால் டின்னை எடுத்து மேலே ஒரு வளையம் விட்டாள்.

"சாப்பிடுங்க சம்பந்தி," என்றாள். "நல்லா மென்னு சாப்பிடுங்க."